ப்ரூயிட்-ஐகோ டாக்குமென்டரில இருந்து உங்க படத்துக்கு எதை எடுக்கலாம், எதை தொடக்கூடாது

ஹவுசிங் போர்டு பத்தி ஒரு ஷார்ட் ஃபிலிமோ டாக்குமென்டரியோ எடுக்கணும்னு யாரு வந்து கேட்டாலும் நான் முதல்ல பாக்க சொல்றது தி ப்ரூயிட்-ஐகோ மித். 2011ல வந்தது, டைரக்டர் பேரு சாட் ஃப்ரீட்ரிக்ஸ், மொத்தமே 83 நிமிஷம்தான், அமெரிக்கால செயின்ட் லூயிஸ் ஊர்ல இருந்த ஒரு அரசு குடியிருப்போட கதை. பிரச்சனை என்னன்னா பாத்து முடிச்சவங்க நிறைய பேரு தப்பான சாமானை தூக்கிட்டு வந்துடறாங்க. உடைஞ்ச கண்ணாடி ஜன்னல், இருட்டு வராண்டா, மேல இருந்து டிரோன், பின்னாடி சோகமா ஒரு பியானோ. அதெல்லாம் எங்க வேணா கிடைக்கும், அதுக்கு இந்த படம் தேவையே இல்ல. இதுல எடுக்க வேண்டியது அது கேள்வி கேக்குற விதம். "இந்த பில்டிங் ஏன் இடிஞ்சுது"ங்கற ஒரே கேள்விக்கு எல்லாரும் கையில ரெடியா வச்சிருந்த பதிலை ஒவ்வொண்ணா எடுத்து இது போதுமா இது போதுமான்னு உரசி பாக்குது, அதை எப்படி பண்றாங்கன்னு கத்துக்கிட்டா உங்க படம் எந்த ஊர்ல நடந்தாலும் நிக்கும்.

தெரியாதவங்களுக்கு கதை சுருக்கமா. 1949ல அமெரிக்க அரசு ஒரு ஹவுசிங் சட்டம் கொண்டு வந்துச்சு, நகரத்து சேரியை இடிச்சுட்டு அடுக்குமாடி கட்ட காசு குடுத்தாங்க. செயின்ட் லூயிஸ்ல 57 ஏக்கர்ல 33 பில்டிங், ஒவ்வொண்ணும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடு. டிசைன் பண்ணவரு மினோரு யமசாகி, ஆமா பின்னாடி நியூயார்க் ட்வின் டவர் பண்ணாரே அவரேதான். 1954ல ஜனங்க குடி வர ஆரம்பிச்சாங்க. 1972ல வெடி வச்சு இடிக்க ஆரம்பிச்சு 1976க்குள்ள தரைமட்டம். புது வீடுன்னு குடி வந்து 20 வருஷம் கூட ஆகல. அந்த இடத்துல பெரும்பகுதி பின்னாடி மரமும் புதருமா காடு மாதிரி ஆகிப்போச்சு, படமும் அதை காட்டும்.

இப்ப பாக்குற முறைக்கு வரேன். முதல் தடவை நிறுத்தாம பாருங்க, நோட்டு பேனா எல்லாம் ஓரமா வச்சுடுங்க. ரெண்டாவது தடவைதான் வேலை. ஒரு பேப்பர்ல "ஏன் இடிஞ்சுது"ன்னு மேல எழுதிக்கோங்க, படம் எப்பல்லாம் இதுக்கு ஒரு பதில் தருதோ அப்ப நிறுத்தி நிமிஷத்தை குறிச்சு வைங்க, அந்த பதிலை யாரு சொல்றாங்க, வாழ்ந்தவங்களா ஹிஸ்டரி ப்ரொஃபசரா பழைய நியூஸ் ரீலா இல்ல நரேட்டரான்னும் எழுதுங்க. டிசைன் சரியில்லங்கறாங்க, குடி வந்தவங்க சரியில்லங்கறாங்க, அரசாங்கம் வீடு கட்டறதே தப்புங்கறாங்க, இப்படி ஒண்ணு ஒண்ணா வரும். மூணாவது தடவை வேணும்னா சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு ஓட்டி பாருங்க, பேச்சு இல்லாம எது புரியுது எது புரியலன்னு தெரியும். இந்த மூணாவது வேலையை பலபேரு ஸ்கிப் பண்ணுவாங்க, பரவால்ல. ரெண்டாவதை மட்டும் விட்டுடாதீங்க.

அந்த லிஸ்ட் எழுதும்போதே ஒண்ணு கண்ணுல படும். படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆடியன்ஸ் மண்டைல ஒரு படம் ஓடிட்டு இருக்கு. அது அந்த வெடி வச்ச கிளிப், பில்டிங் அப்படியே முட்டி மடங்கி தூசிக்குள்ள போகும். ஆர்க்கிடெக்ச்சர் படிச்சவங்களுக்கு இது பாடப்புத்தகத்துலயே இருக்கும், ஏன்னா சார்ல்ஸ் ஜென்க்ஸ்னு ஒரு எழுத்தாளர் 1977ல மாடர்ன் ஆர்க்கிடெக்ச்சர் செத்தது இங்கதான், 1972 ஜூலை 15 மத்தியானம் 3.32 மணிக்குன்னு நாள் நேரத்தோட எழுதிட்டாரு. இடிப்பு உண்மைல ஆரம்பிச்சது அந்த வருஷம் மார்ச்லயே, அந்த நிமிஷக்கணக்கு தானா போட்டதுன்னு அவரே பின்னாடி ஒத்துக்கிட்டாரு, ஆனா ஊரெல்லாம் அந்த நேரம்தான் பரவுச்சு. அவார்டு வாங்குன பில்டிங்னும் எல்லாரும் எழுதுனாங்க, அதுவும் கிடையாது. 1982ல கொயானிஸ்காட்ஸின்னு ஒரு படம் வந்துச்சு, வசனமே இல்லாத படம், ஃபிலிப் கிளாஸ் மியூசிக், அதுலயும் இந்த இடிக்கிற ஃபுட்டேஜ் வரும். ரெண்டு படத்துலயும் அந்த ஒரு சீனை மட்டும் அடுத்தடுத்து போட்டு பாருங்க, ஃபிலிம் ஸ்கூல் ஃபீஸ்ல பாதி மிச்சம். அங்க பில்டிங் விழறது ஏதோ உலகமே சரியற மாதிரி பிரம்மாண்டமா இருக்கும், மனுஷங்க யாருன்னே தெரியாது. இங்க அதே பில்டிங் விழும்போது அந்த மாடில யாரு வீடு இருந்துச்சுன்னு உங்களுக்கு தெரியும். விழறது ஒரே பில்டிங்தான். முன்னாடி என்ன வச்சாங்கங்கறதுதான் வேற.

உங்க படத்துக்கு இதை எப்படி பண்றது? நீங்க எடுக்கப் போற இடத்தை பத்தி வெளியாளுங்க மனசுல இருக்கற ரெடிமேட் காட்சி என்னன்னு முதல்ல எழுதுங்க. நம்ம ஊருன்னா கஷ்டமே இல்ல, தமிழ் சினிமா முக்கால்வாசி வேலையை முடிச்சு வச்சிருக்கு, போர்டு வீடுன்னாலே மொட்டை மாடில கேரம் ஆடுற பசங்க, கத்தி, கஞ்சா, மாடிப்படில துரத்துற சீன். அந்த காட்சியை படத்துல வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. ப்ரூயிட்-ஐகோ படம் அந்த வெடியை மறைக்கலையே, நீ பாத்தது இதுதானன்னு எடுத்து போட்டுட்டு அப்பறம் அதுக்கு பின்னாடி போகுது. நீங்களும் முதல் ரெண்டு நிமிஷத்துலயே அந்த காட்சியை போட்டு விட்டுடுங்க, அப்பறம் அதையே கேள்வி கேளுங்க.

அடுத்தது காசு, என்னை கேட்டா படத்தோட முதுகெலும்பே இதுதான், பத்து தடவை திரும்ப பாத்தாலும் தப்பில்ல. வீடு கட்ட மத்திய அரசு காசு குடுத்துச்சு. கட்டி முடிச்சப்பறம் லிஃப்ட் பாக்க, பைப் பாக்க, குப்பை அள்ள, பல்பு மாத்த? அதுக்கு குடியிருக்கறவங்க கட்டற வாடகைதான். பேப்பர்ல பாத்தா நியாயமா தெரியும். ஆனா அதே நேரம் செயின்ட் லூயிஸ் ஊரே காலியாகிட்டு இருந்துச்சு. 1950ல கிட்டத்தட்ட எட்டரை லட்சம் பேரு இருந்த ஊரு, 1980ல நாலரை லட்சம்தான். அரசே லோனுக்கு கேரண்டி குடுத்து ஹைவே போட்டு குடுத்ததால வெள்ளைக்காரங்க புறநகருக்கு தனி வீடு வாங்கிட்டு போனாங்க, அந்த லோனும் அந்த தெருவும் கருப்பின மக்களுக்கு கிடைக்காத மாதிரி பாத்துக்கிட்டாங்க. ஊர் பெருசாகப் போகுதுன்னு கணக்கு போட்டு கட்டுன குடியிருப்பு, ஊர் சுருங்கும்போது என்னாகும்? வீடு காலி, வாடகை குறையுது, மெயின்டனன்ஸ் குறையுது, அதனால இன்னும் நாலு பேரு காலி பண்றாங்க, இன்னும் வாடகை குறையுது. மிச்சம் இருக்கறவங்க தலைல வாடகையை ஏத்துனாங்க, 1969ல ஜனங்க வாடகை கட்ட மாட்டோம்னு ஸ்ட்ரைக் பண்ணாங்க. அதே வருஷம் வாடகை வருமானத்துல 25 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு தேசிய அளவுல சட்டத்திருத்தமே வந்துச்சு. ஆனா இந்த பில்டிங்குக்கு அது லேட்டு. 1971ல பாத்தா 17 பில்டிங்ல 600 பேருதான் இருந்தாங்க, மீதி 16 பில்டிங்கை பலகை அடிச்சு மூடிட்டாங்க.

இதை ஏன் இவ்ளோ நீளமா சொல்றேன்னா, இவ்ளோ பெரிய பொருளாதார விஷயத்தை படம் சலிக்காம சொல்லுதுல, அது எப்படின்னு பிரிச்சு பாருங்க. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு தெரியற ஒரு பொருள்ல போய் நிக்குது. வேலை செய்யாத லிஃப்ட். குளிர்காலத்துல பைப் வெடிச்சு தண்ணி அப்படியே பனிக்கட்டியா உறைஞ்சு நிக்கறது. லிஃப்டையே எடுத்துக்கோங்க, செலவு மிச்சம் பண்ண எல்லா மாடிலயும் நிக்காது, 1, 4, 7, 10 இந்த மாடில மட்டும்தான் நிக்கும், மத்தவங்க இறங்கி படில நடக்கணும். ஜனங்க சந்திச்சு பழகுவாங்கன்னு டிசைன்ல சொன்னாங்க, கடைசில அந்த படிக்கட்டுலதான் வழிப்பறி நடந்துச்சு. ஒரு லிஃப்ட் எந்த மாடில நிக்குதுங்கறதுல பட்ஜெட், டிசைன், பயம் மூணும் இருக்கு பாருங்க.

நீங்க லொகேஷன் போனதும் செய்ய வேண்டிய வேலை இதுதான். உடைஞ்ச ஒரே ஒரு பொருளை பிடிச்சுக்கோங்க. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி லைட், கழிவுநீர் குழாய், எதுவா இருந்தாலும் சரி. அதுல இருந்து பின்னாடி நடங்க. இது எப்ப கெட்டுச்சு, யாருகிட்ட சொன்னாங்க, ரிப்பேருக்கு யாரு காசு குடுக்கணும், அந்த காசு எங்க இருந்து வரணும், ஏன் வரல, அந்த முடிவை எந்த வருஷம் எந்த ஆபீஸ்ல எடுத்தாங்க. மாடிப்படில ஆரம்பிச்சு ஒரு ஃபைல்ல போய் முடியும். அந்த வழிதான் உங்க ஸ்கிரிப்ட். சென்னைல பெரும்பாக்கம் போர்டு குடியிருப்புல எட்டு மாடி ப்ளாக்ல வயசானவங்களுக்கு லிஃப்ட்னா என்னன்னு யோசிச்சு பாருங்க, பத்து நிமிஷ படத்துக்கு அந்த ஒரு லிஃப்டே போதும். முழு ஊரையும் கவர் பண்ணனும்னு ஆசைப்பட்டீங்கன்னா ஒண்ணும் தேறாது, ஃப்ரீட்ரிக்ஸ் கூட 83 நிமிஷம் எடுத்துக்கிட்டு ஒரே ஒரு குடியிருப்பைதான் பேசறாரு.

இன்டர்வியூ விஷயத்துக்கு வரலாம். படத்துல அங்க வாழ்ந்தவங்கன்னு பேசறது ரொம்ப கொஞ்ச பேருதான், ஆனா அவங்க ஒருத்தர் சொல்றதுக்கு இன்னொருத்தர் சொல்றது ஒத்தே வராது. ஒரு அம்மா தன்னோட மேல்மாடி வீட்டை ஏழையோட பென்ட்ஹவுஸ்னு, அதாவது பணக்காரங்க உச்சி மாடில வச்சிருக்கற சொகுசு வீடு மாதிரின்னு சொல்லி சிரிக்கறாங்க, அவ்ளோ சந்தோஷம். இன்னொருத்தர் கூடப்பொறந்தவனை அங்கயே கொலைக்கு பறிகுடுத்தவரு, அவரு பேசற இடத்துல நம்மால மூச்சு விட முடியாது. சாதாரண டைரக்டரா இருந்தா ஒண்ணை முதல் பாதில வச்சு இன்னொண்ணை கடைசில வச்சு, நல்லா இருந்துச்சு அப்பறம் கெட்டுச்சுன்னு கோடு போட்டு முடிச்சிருப்பாரு. இந்த படத்துல ரெண்டும் கூடவே வருது, அந்த சந்தோஷம் பொய்யில்ல, அந்த கொலையும் பொய்யில்ல. எடிட் டேபிள்ல உங்களுக்கும் ஒத்துப்போகாத ரெண்டு பேட்டி வந்தா ஒண்ணை தூக்கிடாதீங்க, படமே அங்கதான் இருக்கும்.

கேள்வி எப்படி கேக்கறதுங்கறதும் முக்கியம். "இங்க என்னென்ன கஷ்டம்"னு கேட்டா டிவிக்காரங்களுக்கு சொல்லி சொல்லி மனப்பாடம் ஆன பதில்தான் வரும், தண்ணி வரல, ரோடு இல்ல, எவனும் எட்டி பாக்கல. அதுக்கு பதிலா சாவி கைல குடுத்த அன்னைக்கு வீட்டுக்குள்ள போய் முதல்ல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. பால் காய்ச்சுனோம், குழாயை திறந்து பாத்தோம், பசங்க மாடிப்படில மேலயும் கீழயும் ஓடுச்சுங்கன்னு வரும், முகமே மாறும். அப்பறம் இன்னொரு கேள்வி, இது படத்துல இருந்தே நான் எடுத்துக்கிட்டது: "இங்க இருக்கறதுக்காக எதையாவது மறைக்க வேண்டி இருந்துச்சா?"

இந்த கேள்வி எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். அந்த காலத்துல உதவித்தொகை வாங்குற குடும்பத்துல வேலை செய்யக்கூடிய ஆம்பள வீட்ல இருக்கக்கூடாதுன்னு ஒரு ரூல். படத்துல ஒரு அம்மா தன் சின்ன வயசு கதை சொல்றாங்க, உங்களுக்கு வீடு வேணும்னா அப்பா ஸ்டேட்டை விட்டே போகணும்னு சொல்லிட்டாங்களாம். போன் வச்சுக்கக்கூடாது, டிவி வச்சுக்கக்கூடாது. வெல்ஃபேர் ஆபீசர் வந்தா அப்பா இல்லைனு பிள்ளைங்க பொய் சொல்லணும். இதையே ஒரு ப்ரொஃபசர் உக்காந்து பாலிசி, குடும்ப அமைப்பு சிதைவுன்னு பத்து நிமிஷம் பேசிருந்தா நமக்கு கொட்டாவிதான். ஒரு பொண்ணு அப்பாவை மறைச்சேன்னு சொல்லும்போது அந்த மொத்த சட்டமும் ஒரே வரில வந்துடுது.

ஃபிக்ஷன் எடுக்கறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க, உங்களுக்கு இந்த படத்துல இருக்கற பெரிய கிஃப்ட் இதுதான். கேரக்டர் தேடாதீங்க, முதல்ல ஒரு ரூல் தேடுங்க. எந்த குடியிருப்புலயும் ஏதாவது ஒரு அபத்தமான ரூல் இருக்கும், அந்த ரூல் ஜனங்களை என்ன பண்ண வைக்குதுன்னு பாத்தா கதை தானா வரும். வீட்டை உள்வாடகைக்கு விடக்கூடாது, விட்டாச்சு, இன்னைக்கு செக்கிங் வராங்க, அந்த ஒரு மணி நேரம். ஸ்கூல் வருஷம் பாதில இருக்கும்போது சென்னைல கூவம் ஓரத்துல இருந்த குடும்பத்தை ஊர் ஓரத்துல இருக்கற கண்ணகி நகர் போர்டு வீட்டுக்கு கொண்டு போய் விட்டாச்சு, பரீட்சை பழைய ஸ்கூல்ல, காலைல எத்தனை மணிக்கு எந்த பஸ். வில்லனே வேணாம், ரூல் ஒண்ணு போதும், நல்ல மனசுக்கார ஆபீசரா இருந்தாலும் அந்த ரூலை அமல்படுத்தித்தான் ஆகணும்ல, அங்க தானா ட்ராமா வருது.

பழைய ஃபுட்டேஜ். இந்த படம் பாதிக்கு மேல ஆர்க்கைவ்லதான் ஓடுது, அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த கால விளம்பர ஸ்டைல் படங்கள், கம்பீரமான ஒரு குரல் சேரி ஒழியப் போகுது புது வாழ்க்கை வரப்போகுதுன்னு பேசும். டைரக்டர் அதை கிண்டல் பண்ணல, அப்படியே ஓட விடறாரு. அந்த நம்பிக்கை உண்மையாவே இருந்துச்சுன்னு காட்டுனாதான் அப்பறம் நடந்தது வலிக்கும். நம்ம ஊர்லயும் 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்ப அப்படி ஒரு நம்பிக்கை இருந்துச்சு, 2021ல அதுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரே மாத்திட்டாங்க, நடுவுல அம்பது வருஷம் இருக்கு, தோண்டுனா எவ்ளோ கிடைக்கும்.

ஃபுட்டேஜ் இல்லையேன்னு சாக்கு சொல்லாதீங்க. வீட்ல இருக்கற கல்யாண ஆல்பம், காதுகுத்து வீடியோ கேசட், அதுல பின்னாடி தெரியற சுவரைப் பாருங்க, பில்டிங் அப்ப எப்படி இருந்துச்சுன்னு அதுலயே தெரியும். ஒதுக்கீட்டு ஆணை, பழைய ரசீது, கரண்ட் கார்டு, இதெல்லாம் க்ளோசப்ல நல்லா நிக்கும், முகவரியும் நம்பரும் மட்டும் மறைச்சுடுங்க. எக்மோர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கு, பழைய பேப்பருக்கு தரமணி பக்கம் ரோஜா முத்தையா நூலகம் இருக்கு. பராமரிப்புக்கு எந்த வருஷம் எவ்ளோ ஒதுக்குனாங்க எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு பத்து ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல பதில் வரணும்ங்கறது சட்டம், வர்ற பதில் அரைகுறையா இருந்தாலும் அந்த லெட்டரே ஒரு ஷாட்தான். ஷூட்டிங்குக்கு முன்னாடியே போட்டு விட்டுடுங்க, எடிட் பண்ணும்போது போட்டா கதை முடிஞ்சுடும்.

படத்துல எனக்கு ஒத்துக்காத விஷயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். நரேட்டர் கொஞ்சம் அதிகம். சில இடத்துல வாழ்ந்தவங்க சொல்லி முடிச்சதையே அந்த குரல் திரும்ப வந்து விளக்குது, விட்டிருந்தா நாமளே புரிஞ்சுக்கிட்டிருப்போம். மியூசிக்கும் அழ வேண்டிய இடத்தை முன்கூட்டியே சொல்லி குடுக்குது. நீங்க ரஃப் கட்டை, அதாவது முதல் தடவை கோர்த்து பாக்குற எடிட்டை, மியூசிக் இல்லாம, வாய்ஸ் ஓவர் இல்லாம போட்டு பாருங்க. அங்கயும் இங்கயும் ஓட்டை தெரியும். அந்த ஓட்டையை முதல்ல இன்னொரு ஷாட்டாலயோ பேட்டில விட்டுப்போன ஒரு வரியாலயோ அடைக்க முடியுதான்னு பாருங்க, முடியாத இடத்துக்கு மட்டும் வாய்ஸ் ஓவர் எழுதுங்க, அதுவும் வருஷம், தொகை, ஊர் பேரு, அவ்ளோதான், ஃபீலிங் எல்லாம் அதுல வேணாம்.

கேமரா பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, இப்ப இருக்கற போனே போதும். சவுண்டுக்கு செலவு பண்ணுங்க. காலர் மைக் ஒண்ணு வாங்குங்க, ஹெட்போன் மாட்டாம ரெக்கார்ட் பண்ணாதீங்க. ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ரெண்டு நிமிஷம் சும்மா சத்தத்தை மட்டும் பிடிச்சு வைங்க, பக்கத்து வீட்டு குக்கர், தண்ணி லாரி வந்ததும் குடம் உருள்ற சத்தம், மாடிப்படில செருப்பு சத்தம். போர்டு வீட்ல சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டு சண்டை சீரியல் எல்லாம் கேக்கும், அதை நாய்ஸ்னு நினைச்சு அழிக்காதீங்க. ஆனா டிவில ஓடுற சினிமா பாட்டு உள்ள வந்துட்டா காப்பிரைட் வரும், பேட்டி எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் ஆஃப் பண்ண சொல்லுங்க.

எடிட்டுக்கு முன்னாடி எல்லா பேட்டியையும் டைப் பண்ணுங்க, போரான வேலை, வேற வழியில்ல. ஒவ்வொரு நல்ல வரியையும் ஒரு துண்டு சீட்டுல எழுதி, அந்த உடைஞ்ச பொருள் வரிசையை தரைல ஒரு கோடா அடுக்கி, எந்த வரி எந்த படில வருதுன்னு வைங்க. எதுலயும் ஒட்டாம ஆனா தூக்கி போட மனசு வராத சீட்டு சிலது மிஞ்சும். ப்ரூயிட்-ஐகோல அந்த பென்ட்ஹவுஸ் வரியும் காசு கணக்குல எங்கயும் ஒட்டாது, அது இல்லன்னா படத்துல உயிர் இருக்காது. அந்த மாதிரி ரெண்டு மூணு சீட்டை வச்சுக்கோங்க, பத்து நிமிஷ படத்துல அதுக்கு மேல தாங்காது.

கடைசியா பர்மிஷன். சொந்த வீடு இல்லாதவங்க, ஒதுக்கீடு ரத்தாகிடுமோன்னு பயத்துல இருக்கறவங்ககிட்ட பேசறீங்க, உள்வாடகை பத்தி, வாடகை பாக்கி பத்தி அவங்க ஆர்வத்துல சொல்ற ஒரு வரி அவங்களுக்கே வினையா முடியலாம். பேசும்போது ஒரு தடவை கேளுங்க, ஒரு வாரம் கழிச்சு போட்டு காட்டி இன்னொரு தடவை கேளுங்க. வேணாம்னா எடுத்துடுங்க, எவ்ளோ நல்ல ஷாட்டா இருந்தாலும் சரி. ஃபெஸ்டிவல் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ப்ளாக் மொட்டை மாடிலயே ஒரு வெள்ளை வேட்டியை கட்டி எல்லாருக்கும் போட்டு காட்டுங்க. அப்ப யாராவது எழுந்து இது பொய், இப்படி நடக்கவே இல்லன்னு கத்துனா சண்டை போடாதீங்க, போனை எடுத்து ரெக்கார்டிங்கை ஆன் பண்ணுங்க.